ஆழம் பார்த்த ஐந்து கலங்கள்

நிலவில் முதன்முதலில் கால் பதித்தவர் யார் என்று கேட்டால், தொடக்கப்பள்ளி மாணவன்கூட நீல் ஆம்ஸ்ட்ராங் என்று சட்டெனச் சொல்லிவிடுவான். ஆனால், கால் வைக்க அந்த இடம் சரியானது என்று முன்கூட்டியே பார்த்துச் சொன்னது யார் என்று கேட்டால், பெரியவர்களிடமும் பதில் இருக்காது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றுக்கும் குளத்துக்கும் சொல்லப்பட்ட இந்தப் புத்திமதி நிலவுக்கும் பொருந்தும் என்பதை 1960-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பொறியியலாளர்கள் உணர்ந்திருந்தார்கள். மனிதனை அனுப்புவதற்கு முன், ஆழம் பார்த்து வர ஐந்து ஆளில்லா விண்கலங்களை அனுப்பினார்கள். லூனார் ஆர்பிட்டர் என்பது அவற்றின் பெயர். நிலவில் இறங்காமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, படம் பிடித்து, வரைபடம் தயாரிக்க உதவிய கலங்கள் அவை. 1966 ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதலாவது புறப்பட்டது. 1967 ஆகஸ்ட் முதல் தேதி ஐந்தாவது புறப்பட்டது. ஓராண்டுக்குள் ஐந்து பயணங்கள், ஐந்தும் வெற்றி. ராக்கெட்டுகள் வெடிப்பதும் கலங்கள் தொலைந்து போவதும் சாதாரணமாக இருந்த அந்தக் காலத்தில் இது எளிதில் கிடைத்த வெற்றி அல்ல.

தெரியாத நிலம்

1961 மே 25-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குறுதி கொடுத்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதன் ஒருவனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். அவர் அதைச் சொன்னபோது, நிலவின் தரை எப்படி இருக்கும் என்பது எவருக்கும் சரியாகத் தெரியாது.

பூமியிலுள்ள தொலைநோக்கிகள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், காற்று மண்டலத்தின் வழியாகத்தான் நிலவைப் பார்க்க வேண்டியிருந்தது. நல்ல இரவுகளில்கூட, பல நூறு மீட்டர் அகலமுள்ள பள்ளங்களைத்தான் அவற்றால் பிரித்துக் காட்ட முடிந்தது. விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்லும் இறங்குகலத்தின் கால்களோ சுமார் 9 மீட்டர் அகலத்தில் விரிந்திருக்கும். அதைக் கவிழ்த்துவிட ஒரு மேசை அளவு பாறையோ, ஒரு சிறு குழியோ, கொஞ்சம் செங்குத்தான சரிவோ போதும். தொலைநோக்கியில் வழவழப்பாகத் தெரியும் சமவெளி, அருகில் போனால் பாறைக் குவியலாக இருந்தால் என்ன செய்வது?

இதைவிட மோசமான அச்சமும் இருந்தது. நிலவின் சமவெளிகளில் ஆழமான தூசு நிறைந்திருக்கலாம் என்று கார்னெல் பல்கலைக்கழக விஞ்ஞானி தாமஸ் கோல்டு கூறிவந்தார். கலம் அதில் புதைந்துபோனால் மீட்க யாருமில்லை.

ரேஞ்சர் என்ற பெயரில் அமெரிக்கா முதலில் சில கலங்களை அனுப்பியது. நிலவில் மோதி நொறுங்கும் கடைசி நிமிடம் வரை படம் அனுப்புவதே அவற்றின் வேலை. முதல் ஆறு ரேஞ்சர்களும் தோல்வி கண்டன. 1964 ஜூலை 31-ஆம் தேதி ரேஞ்சர் 7 தான் முதன்முதலில் நான்காயிரத்துக்கும் அதிகமான படங்களை அனுப்பியது. ஆனால், அந்தப் படங்கள் யாவும் அது விழுந்த ஒரே பகுதியைக் காட்டின. இறங்குவதற்குப் பல இடங்களை ஒப்பிட்டு நல்ல இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், நிலவைச் சுற்றிவரும் கலம் ஒன்று தேவைப்பட்டது.

இரு மடங்கு விலை

இந்தப் பொறுப்பு வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகரிலுள்ள லேங்லி ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விமானங்களைக் காற்றுச் சுரங்கங்களில் வைத்து ஆராய்வதில் பேர்பெற்ற மையம் அது. தொலைதூர விண்வெளிப் பயணம் எதையும் அதுவரை நடத்தியதில்லை. அங்கே இத்திட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் கிளிஃபோர்ட் நெல்சன்.

கலத்தை வடிவமைத்துக் கட்ட ஐந்து நிறுவனங்கள் போட்டியிட்டன. 1963 டிசம்பரில் போயிங் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பலருக்கு அது வியப்பைத் தந்தது. போயிங் கேட்ட விலை 80 மில்லியன் டாலருக்கும் மேல். ஆகக் குறைந்த விலை கேட்ட நிறுவனத்தின் தொகையைவிட அது சுமார் இரண்டு மடங்கு. மக்கள் பணத்தைச் செலவு செய்யும் ஓர் அரசாங்க அமைப்பு, பாதி விலைக்கு வந்ததை விட்டுவிட்டு அதிக விலைக்குப் போனது ஏன்?

காரணம் படச்சுருளில் இருந்தது. போயிங்கின் திட்டத்தில் புகைப்படக் கருவியைத் தயாரிக்க முன்வந்தது ரோச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம். அமெரிக்க விமானப்படையின் சாமோஸ் என்ற உளவுத் துணைக்கோளத் திட்டத்துக்காக ஏற்கெனவே உருவாக்கியிருந்த தொழில்நுட்பத்தை கோடாக் கைவசம் வைத்திருந்தது. அது பயன்படுத்த நினைத்த படச்சுருள் ஒளியை மிக மெதுவாக ஏற்றுக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. சாதாரணமாகப் படம் எடுப்பவருக்கு அது ஒரு குறை. ஆனால், விண்வெளியில் அதுவே நன்மை. சூரியன் சீறும்போது வெளிப்படும் கதிர்வீச்சு, வேகமான படச்சுருளை மூடிய பெட்டிக்குள்ளேயே கருகடித்துவிடும். மெதுவான படச்சுருள் அதைத் தாங்கிக்கொள்ளும். கனமான ஈயக் கவசம் தேவையில்லை, எடையும் மிச்சம்.

மெதுவான படச்சுருளில் தெளிவான படம் விழ வேண்டுமானால், கலம் ஆடாமல் அசையாமல் நிலவையே நோக்கி நிற்க வேண்டும். போயிங்கின் கலம் பம்பரம்போல் சுழலாது. சூரியனையும், கனோபஸ் என்று அழைக்கப்படும் அகத்திய நட்சத்திரத்தையும் அடையாளமாகப் பிடித்துக்கொண்டு, நைட்ரஜன் வாயுவைச் சிறிது சிறிதாகப் பீய்ச்சி, தன்னை மூன்று திசையிலும் நிலைநிறுத்திக்கொள்ளும். விலை அதிகம் என்றாலும் வேலைக்கு ஏற்றது இதுவே என்று லேங்லி முடிவு செய்தது.

1964 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. குறித்த நேரத்தில் முடித்து, கலம் நன்றாக வேலை செய்தால் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். சொதப்பினால் வருமானம் குறையும். இந்த விதி பின்னர் ஒரு சங்கடத்தை உண்டாக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

பறக்கும் இருட்டறை

இன்று கைப்பேசியில் படம் எடுத்து மறுகணமே அனுப்பிவிடுகிறார்கள். அன்று அந்த வசதி கிடையாது. படம் எடுத்தால் அந்தப் படச்சுருளை இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். நிலவுக்கு மேல் இருட்டறைக்கு எங்கே போவது? கோடாக் பொறியியலாளர்கள் இருட்டறையையே கலத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

கலத்தின் எடை சுமார் 385 கிலோகிராம். நான்கு சூரிய மின்தகடுகளை விரித்தால் அதன் அகலம் சுமார் 3.7 மீட்டர். நடுவே, காற்றுப் புகாத ஓர் அலுமினிய உருண்டைக்குள் புகைப்படக் கருவி இருந்தது. அதற்கு இரண்டு லென்சுகள். 610 மில்லிமீட்டர் லென்ஸ் சிறு பரப்பை மிக நுணுக்கமாகக் காட்டும். 80 மில்லிமீட்டர் லென்ஸ் அதே இடத்தை அகலமாகக் காட்டும். இரண்டும் ஒரே நேரத்தில், 70 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே சுருளில் படம் பதித்தன. சுருளின் நீளம் சுமார் 79 மீட்டர்.

படம் விழுந்ததும், கழுவும் மருந்தில் ஊறிய மற்றொரு நாடா அந்தச் சுருளோடு ஒட்டிக்கொள்ளும். சுமார் மூன்றரை நிமிடத்தில் படம் வெளிப்பட்டுவிடும். இதில் தளும்பும் திரவம் எதுவும் இல்லை. பிறகு சூடான உருளை ஒன்றின் மேல் படச்சுருள் ஓடி உலரும். அதன்பின் மிக நுண்ணிய ஒளிப்புள்ளி ஒன்று, உலர்ந்த சுருளை இரண்டரை மில்லிமீட்டர் அளவு அகலமுள்ள கீற்றுகளாக மேலும் கீழும் தடவிச் செல்லும். எங்கே கறுப்பு, எங்கே வெளுப்பு என்பது மின் அலையாக மாறி வானொலி வழியே பூமிக்கு வரும். ஒரு ஜோடிப் படத்தை இப்படி அனுப்பி முடிக்க முக்கால் மணி நேரம் அளவு பிடிக்கும். கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவின் வூமெரா, ஸ்பெயினின் மட்ரிட் ஆகிய மூன்று இடங்களின் நிலையங்கள் மாறி மாறி அதைப் பெற்றுக்கொண்டன. பெற்ற கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து இணைத்தால் முழுப்படம் கிடைக்கும். அக்காலத்து நிலவுப் படங்களில் கோடு கோடாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நிலவுக்கு 46 கிலோமீட்டர் உயரத்தில் தாழ்ந்து வரும்போது கலம் விநாடிக்குச் சுமார் 1.9 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். படம் பதிய ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் ஆகலாம். அந்த நேரத்துக்குள் கலம் 70 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஒரு மீட்டர் அளவுப் பொருளைக் காட்ட வேண்டிய படத்தில் எல்லாமே தீற்றலாகிவிடும். இதைத் தவிர்க்க, கீழே தரை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து, அதே வேகத்துக்கு ஏற்பப் படச்சுருளையும் நகர்த்தும் கருவி ஒன்று பொருத்தப்பட்டது.

முதல் பயணத்தின் சோதனைகள்

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டே கால் ஆண்டில் முதல் கலம் தயாராகிவிட்டது. கேப் கென்னடியிலிருந்து அட்லஸ்-அஜீனா ராக்கெட்டில் புறப்பட்ட உடனேயே தொல்லை தொடங்கியது. கலத்தின் மீது பட்டுத் தெறித்த ஒளி கண்ணைக் கூசச் செய்ததால், வழிகாட்டும் கருவியால் அகத்திய நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வழி தெரியாத கலத்தைத் திருப்புவது எப்படி? கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் மாற்று வழி ஒன்றைக் கண்டார்கள். நட்சத்திரத்துக்குப் பதிலாக நிலவையே அடையாளமாகப் பிடித்துக் கலத்தைத் திருப்பினார்கள். போகும் வழியில் கலம் சூடேறியபோதும், அதைச் சற்றுச் சாய்த்து வைத்துச் சூட்டைத் தணித்தார்கள்.

நிலவை அடைந்து படங்கள் வரத் தொடங்கியதும் அடுத்த ஏமாற்றம். அகலப் படங்கள் நன்றாக இருந்தன. நுணுக்கமான படங்கள் தீற்றலாக வந்தன. தரை வேகத்தை அளக்கும் கருவியோடு தொடர்புடைய கோளாறு அது. அந்தப் பயணத்தில் அதைச் சரிசெய்ய இயலவில்லை. ஆனால், காரணம் கண்டறியப்பட்டு அடுத்த கலத்தில் திருத்தப்பட்டது. ஐந்து கலங்கள் இருந்ததன் பயன் இதுதான். ஒன்றில் கற்ற பாடம் அடுத்ததைக் காப்பாற்றியது.

திட்டத்தில் இல்லாத படம்

அந்த முதல் பயணத்தின் இடையே ஒரு யோசனை எழுந்தது. கலத்தைக் கொஞ்சம் திருப்பினால், நிலவின் விளிம்புக்கு மேலே தெரியும் பூமியைப் படம் எடுக்கலாம். நிலவின் அருகிலிருந்து பூமி எப்படி இருக்கும் என்று அதுவரை எந்த மனிதக் கண்ணும் பார்த்ததில்லை.

போயிங்கின் திட்ட மேலாளர் ராபர்ட் ஹெல்பெர்க் தயங்கினார். அவருடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. படம் எடுக்கக் கலத்தைத் திருப்ப வேண்டும். திருப்பிய கலம் மீண்டும் சரியான நிலைக்கு வராமல் போனால், அல்லது நிலவின் மறைவில் இருக்கும்போது ஏதாவது நேர்ந்தால், முதன்மைப் பணியே கெட்டுவிடும். ஒப்பந்தப்படி கிடைக்க வேண்டிய ஊக்கத்தொகையும் போய்விடும். திட்டத்தில் எழுதப்படாத ஒரு படத்துக்காக ஏன் இந்த ஆபத்து?

நாசா அதிகாரிகள் அவரிடம் பேசினார்கள். கலத்துக்கு ஏதாவது நேர்ந்தால் அதற்காக நிறுவனம் நட்டப்பட விடமாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். ஹெல்பெர்க் ஒப்புக்கொண்டார். 1966 ஆகஸ்ட் 23-ஆம் தேதி அந்தப் படம் எடுக்கப்பட்டு, மட்ரிட் அருகிலுள்ள நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. கரடுமுரடான நிலவுத் தரைக்கு அப்பால், பாதி ஒளியும் பாதி இருளுமாகப் பிறை வடிவில் பூமி மிதந்தது. நிலவின் அருகிலிருந்து எடுக்கப்பட்ட பூமியின் முதல் படம் அதுவே. அப்போலோ 8 வீரர்கள் எடுத்த புகழ்பெற்ற வண்ணப்படம் இதற்கு இரண்டு ஆண்டுக்கும் மேல் கழித்து, 1968 டிசம்பரில்தான் வந்தது.

இரண்டாவது கலத்திலும் இப்படி ஒரு சிறப்பு நிகழ்ந்தது. படச்சுருளையும் மருந்து நாடாவையும் அதிக நேரம் நிறுத்தி வைத்தால், மருந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் வேலை இல்லாதபோதும் சுருளை அவ்வப்போது நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு படம் செலவாகும். வீணாகும் படத்தில் எதையாவது எடுக்கலாமே என்று, 1966 நவம்பர் பிற்பகுதியில், கோப்பர்நிக்கஸ் பெரும்பள்ளத்தைப் பக்கவாட்டில் எடுத்தார்கள். அதுவரை நிலவை மேலிருந்து தட்டையாகப் பார்த்தே பழகியிருந்த மக்கள், முதன்முதலாக மலைகளும் சரிவுகளும் கொண்ட ஓர் ஊரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்கள். நாளிதழ்கள் அதை நூற்றாண்டின் படம் என்று கொண்டாடின. சுருள் ஒட்டாமல் இருக்க எடுத்த படத்துக்குக் கிடைத்த பெயர் அது!

இடத்தைத் தேர்ந்தெடுத்தது எப்படி?

முதல் மூன்று கலங்களின் வேலை, நிலவின் நடுக்கோட்டுப் பகுதியில் அப்போலோ இறங்கத்தக்க இடங்களைப் படம் எடுப்பது. 1967 பிப்ரவரியில் சென்ற மூன்றாவது கலம், சந்தேகத்துக்கு உரிய இடங்களை மீண்டும் ஒரு முறை சரிபார்த்தது. அதன் படச்சுருளை நகர்த்தும் மோட்டார் பாதியில் எரிந்துபோனதால் சில படங்கள் பூமிக்கு வராமல் போயின. ஆனாலும், தேவையான அளவு கிடைத்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதம் நிலவில் மெதுவாக இறங்கியிருந்த சர்வேயர் 1 என்ற கலமே ஒரு படத்தில் சிறு புள்ளியாகத் தெரிந்தது.

அப்போலோவுக்கான வேலை மூன்றே பயணங்களில் முடிந்துவிட்டதால், மீதமிருந்த இரண்டையும் அறிவியலுக்குப் பயன்படுத்த முடிந்தது. 1967 மே மாதம் சென்ற நான்காவது கலம் துருவங்களுக்கு மேலாகச் சுற்றி, பூமியை நோக்கியிருக்கும் பக்கத்தை ஏறக்குறைய முழுதாகப் படம் எடுத்தது. அதற்கும் ஒரு சோதனை வந்தது. லென்சை மூடிப் பாதுகாக்கும் கதவு சரியாகத் திறந்து மூட மறுத்தது. மூடினால் மறுபடி திறக்காமல் போகலாம். திறந்தே வைத்தால் ஒளி உள்ளே கசியும். குளிரில் கண்ணாடி ஜன்னலில் பனி படியும். கட்டுப்பாட்டாளர்கள் கதவைக் கொஞ்சம் மூடியும், கலத்தைக் கொஞ்சம் சாய்த்தும், இரண்டு தொல்லைக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். ஐந்தாவது கலம் மறுபக்கத்தில் விடுபட்ட இடங்களை நிரப்பியது. ஐந்தும் சேர்ந்து நிலவின் 99 விழுக்காட்டுப் பரப்பைப் படமாக்கிவிட்டன.

படங்களை வைத்துக்கொண்டு வல்லுநர்கள் பள்ளங்களை எண்ணினார்கள்; சரிவுகளை அளந்தார்கள்; பாறைகளின் நிழலைக் கொண்டு உயரத்தைக் கணக்கிட்டார்கள். மலைச்சரிவில் உருண்டு வந்த பாறைகள் விட்டுச்சென்ற தடங்களும் சில படங்களில் தெரிந்தன. அந்தப் பாறைகள் புதைந்துபோகாமல் மேலேயே நின்றன. தரை தாங்கும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. முப்பது அளவில் இருந்த இடங்கள் படிப்படியாகக் குறைந்து, 1968-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐந்தாயின. அவற்றில் இரண்டு அமைதிக் கடலில் இருந்தன. 1969 ஜூலை 20-ஆம் தேதி ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கியது அந்தப் பகுதியில்தான்.

அன்று அவர்களின் கலம் குறித்த புள்ளியைத் தாண்டிச் சுமார் 6 கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. எதிரே பாறைகள் சூழ்ந்த ஒரு பள்ளம் வர, ஆம்ஸ்ட்ராங் அதைக் கடந்து சமதளம் தேடி இறக்கினார். நல்ல இடம் என்று தேர்ந்தெடுத்த சமவெளியிலேயே இப்படி என்றால், எதையும் பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கலத்தின் ஆட்டம் சொன்ன செய்தி

லூனார் ஆர்பிட்டர் கண்டுபிடித்த மிக முக்கியமான உண்மை படத்தில் இல்லை. படப்பிடிப்பு முடிந்த பிறகும் கலங்கள் எங்கே செல்கின்றன என்று பூமியிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். நிலவின் ஈர்ப்பு எங்கும் ஒரே சீராக இருந்தால் கலம் கணக்குப்படி செல்ல வேண்டும். ஆனால், சில சமவெளிகளுக்கு மேல் வரும்போது அதன் வேகம் இலேசாகக் கூடியது, பிறகு குறைந்தது. பசடினாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த பால் முல்லரும் வில்லியம் ஷோக்ரனும் 1968-இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். வட்டமான பெரிய சமவெளிகளுக்கு அடியில் அடர்த்தி மிகுந்த பொருள் புதைந்து கிடக்கிறது. அது கலத்தைத் தன் பக்கம் இழுக்கிறது என்றார்கள்.

அப்போலோ வழிகாட்டிகளுக்கு இது உயிரான தகவல். இந்த இழுப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இறங்குகலம் சில கிலோமீட்டர் விலகிவிடலாம். 1969 நவம்பர் 19-ஆம் தேதி அப்போலோ 12 என்ன செய்தது என்று பார்த்தால் முன்னேற்றம் புரியும். சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலம் 1967-இலிருந்து நிலவில் நின்றிருந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் இயுவன் விட்டேக்கர், சர்வேயர் அனுப்பிய காட்சியில் தெரிந்த பாறைகளை லூனார் ஆர்பிட்டர் படத்தோடு பொருத்திப் பார்த்து, அது எந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பீட் கொன்ராடும் ஆலன் பீனும் அந்தப் பள்ளத்தின் விளிம்பருகே இறங்கி, நடந்தே போய், சர்வேயரின் கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மேலிருந்து எடுத்த ஒரு படம், இரண்டு மனிதர்களை நடந்து போகும் தூரத்தில் கொண்டுபோய் விட்டது.

அந்தக் கலங்களின் முடிவு என்ன? வேலை முடிந்த கலங்கள் ஆகாயத்தில் நின்றால், அடுத்து வரும் கலத்தின் வானொலித் தொடர்புக்கு இடையூறு. அதனால், இரண்டாவது கலம் புறப்படுவதற்கு முன், 1966 அக்டோபர் 29-ஆம் தேதி, முதல் கலத்தை நிலவின் மறுபக்கத்தில் வேண்டுமென்றே மோதச் செய்தார்கள். மற்றவையும் ஒவ்வொன்றாக நிலவில் விழுந்தன. கடைசிக் கலம் 1968 ஜனவரி 31-ஆம் தேதி விழுந்தது.

கொட்டகையில் கிடந்த இயந்திரங்கள்

படங்களுக்கும் ஒரு கண்டம் காத்திருந்தது. பூமிக்கு வந்த அலைகள் சுமார் 1,500 காந்த நாடாக்களில் பதிவு செய்யப்பட்டிருந்தன. அச்சில் வந்த படங்களைவிட அந்த நாடாக்களில் இருந்த விவரம் அதிகம். ஆனால், அவற்றைப் படிக்க ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எஃப்ஆர்-900 என்ற, உலகில் மிகச் சிலவே இருந்த இயந்திரம் தேவை. காலம் மாறியது, அந்த இயந்திரங்கள் பழுதாகி ஒதுக்கப்பட்டன. நாடாக்களை அழித்துவிடலாமா என்ற கேள்வி 1980-ஆம் ஆண்டுகளில் எழுந்தபோது, ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஆவணப் பொறுப்பாளர் நான்சி எவன்ஸ் மறுத்துவிட்டார். பழைய இயந்திரங்கள் சில கிடைத்தபோது, வைக்க இடமில்லாமல் தம் வீட்டிலேயே பல ஆண்டுகள் பாதுகாத்தார்.

டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் என்ற இருவர் இதை அறிந்து முன்வந்தார்கள். கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில், மூடப்பட்டுக் கிடந்த ஒரு மெக்டோனல்ட்ஸ் உணவகக் கட்டடத்தில் இயந்திரங்களையும் நாடாக்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து, ஓய்வுபெற்றவர்களின் அனுபவத்தைக் கேட்டறிந்து, ஓர் இயந்திரத்தை ஓடவைத்தார்கள். 2008 நவம்பரில் வெளியான முதல் படம் எது தெரியுமா? ஹெல்பெர்க் தயங்கிய அதே பூமிப் படம்தான். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, முன்பு எவரும் பார்த்திராத தெளிவோடு அது வந்தது.

அதே காலத்தில்தான் இந்தியாவின் சந்திரயான்-1 நிலவை எட்டியது. 2008 அக்டோபர் 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அதற்குத் திட்ட இயக்குநராக இருந்தவர், பொள்ளாச்சி அருகேயுள்ள கோதவாடி கிராமத்தில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அந்தக் கலத்தில் படச்சுருளும் இல்லை, இருட்டறையும் இல்லை. 11 கருவிகள் இருந்தன. ஆனால், தொல்லை மட்டும் பழையதுதான். அதன் நட்சத்திர வழிகாட்டிகள் செயலிழந்தன, சூடும் ஏறியது. பூமியிலிருந்தவர்கள் சுழல்காட்டிகளைக் கொண்டு சமாளித்துக் கலத்தை நடத்தினார்கள். 2009 ஆகஸ்ட் 29-ஆம் தேதி தொடர்பு அறுந்தபோது அது 312 நாள் உழைத்திருந்தது. நிலவுத் தரையில் நீர் மூலக்கூறுகள் இருப்பதற்கான சான்றை அதிலிருந்த ஒரு நாசா கருவி கண்டிருந்தது. 2009 ஜூனில் அமெரிக்கா அனுப்பிய லூனார் ரிக்கனைசன்ஸ் ஆர்பிட்டர், அப்போலோ வீரர்கள் விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பகுதியையும் அவர்கள் நடந்த தடத்தையும்கூடப் படம் எடுத்தது.

நுட்பம் மாறிவிட்டது, முறை மாறவில்லை. நிலவில் இறங்க நினைக்கும் எந்த நாடும் முதலில் கையில் எடுப்பது மேலிருந்து எடுக்கப்பட்ட படங்களைத்தான். இளைஞர்கள் விண்வெளித் துறை என்றால் விண்வெளி வீரராவது ஒன்றையே நினைக்கிறார்கள். கண்ணாடி தேய்ப்பவர், மருந்து கலப்பவர், கணக்குப் போடுபவர், இரவு முழுதும் சமிக்ஞைக்குக் காத்திருப்பவர், பழைய நாடாவை எறியாமல் வைத்திருப்பவர் என அத்தனை பேருக்கும் அந்தத் துறையில் வேலை இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் எடுத்துவைத்த ஓர் அடிக்குப் பின்னால் இவர்கள் அனைவரும் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்வது நல்லது.